வாளையாறுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? கோவை – பாலக்காடு குடித்தனச் செலவு, ஓர் ஒப்பீடு

தமிழ்நாடு – கேரள எல்லையான வாளையாறுக்கு எந்தப் பக்கம் குடியிருப்பது என்று, இந்த வருடம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கேரளப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்த தம்பி ஒருவர், குடும்பத்தை அங்கேயே வைப்பதா, கோவையில் குனியமுத்தூர் பக்கம் வைத்துவிட்டுத் தினமும் போய் வருவதா என்று கேட்கிறார். கோவைப் பக்கம் மதுக்கரையில் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் அக்காவின் கணவர் கொத்தனார். கேரளத்தில் கொழிஞ்சாம்பாறையில் உள்ள அம்மா வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று அந்த அக்கா யோசிக்கிறார். மூன்றாமவர் ஓய்வு பெறப்போகும் ஆசிரியர். கேரளப் பக்கம் பத்து சென்ட் மலிவாக வருகிறது, வாங்கலாமா என்கிறார்.

நான் பிறந்தது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில். ஆறு வருடம் குனியமுத்தூரில் வாடகைக்கு இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். இரண்டு பக்கமும் கரண்ட் பில் கட்டியிருக்கிறேன், இரண்டு பக்கமும் ரேஷன் வரிசையில் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது?

பலர் காய்கறி விலையில் தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம். எல்லையோரத்தில் இருப்பவருக்குப் பொருள் விலை பெரிய விஷயமே இல்லை. எல்லையோரத்து வேலந்தாவளம் சந்தையில் இரண்டு மாநில விவசாயிகளும் காய் கொண்டுவந்து போடுகிறார்கள். இரு பக்கத்துக் குடும்பங்களும் அங்கேயே வாங்குகின்றன. ஜவுளி, மளிகை, நகை எதுவானாலும் பாலக்காட்டுக்காரர் கோவைக்கு வந்து வாங்கிப் போகலாம்.

எல்லை தாண்டி எடுத்துப் போக முடியாதவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அரசு தரும் உதவி, பிள்ளைகளின் படிப்பும் சான்றிதழும், வீட்டுக்கு வரும் மின்சாரம், வாங்கும் மனை, வீட்டில் இருக்கும் முதியவருக்கான கவனிப்பு எல்லாம் அந்த வகை. அப்புறம் கூலி. நீங்கள் கூலி வாங்குபவரா, கொடுப்பவரா என்பதைப் பொறுத்தே கணக்கு பாதி மாறிவிடும்.

மாதாமாதம் போகும் பணம்

*கோவைப் பக்கம்.* வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஓடும் நடுத்தரக் குடும்பத்துக்கு பில் 700 ரூபாயை ஒட்டி வரும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். ஏசி இருக்கும் வீடு இந்த எல்லையைக் கவனித்தே ஓட்ட வேண்டும். டவுன் பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ஆவின் நீல பாக்கெட் பால் லிட்டர் 40 ரூபாய்.

வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு மறைமுகச் செலவு உண்டு. பல வீட்டுக்காரர்கள் ஒரே இணைப்பிலிருந்து சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று ஒரே விலை வசூலிக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் அரசு தரும் 100 யூனிட் உங்களுக்கு வந்து சேராது. குனியமுத்தூரில் நான் இருந்த முதல் வீட்டில் இரண்டு வருடம் இப்படிக் கட்டினேன். பக்கத்து வீட்டில் தனி மீட்டர், எங்களைவிட அதிகமாகக் கரண்ட் எரித்தும் அவர்கள் பில் பாதிகூட வரவில்லை. வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன் மீட்டர் தனியா என்று கேளுங்கள். முன்பணமும் ஐந்து மாதம் முதல் பத்து மாத வாடகை வரை கேட்பார்கள். அந்தப் பணம் வட்டியில்லாமல் முடங்கிக் கிடக்கும்.

*பாலக்காட்டுப் பக்கம்.* அதே 300 யூனிட்டுக்கு பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். இலவச யூனிட் எல்லோருக்கும் கிடையாது, மாதா மாதம் நிலைக்கட்டணமும் உண்டு. மாதம் 250 யூனிட் வரை அடுக்கடுக்காகக் கணக்கிடுவார்கள். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே முழுவதற்கும் உயர்ந்த விலை. 250-க்கும் 255-க்கும் உள்ள வித்தியாசம் ஐந்து யூனிட் காசு மட்டும் அல்ல. ஏப்ரல், மே மாதத்தில் பாலக்காட்டு வெயில் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். ஏசி போட்ட வீடுகள் அந்த பில்லில்தான் திகைத்துப் போகின்றன.

பெட்ரோலும் இங்கே லிட்டருக்கு ஐந்து ரூபாய் போல அதிகம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் சமூகப் பாதுகாப்புக்கென்று 2 ரூபாய் கூடுதல் வரி போட்டது. இடைவெளி அப்படி விரிந்தது. எல்லையில் தமிழ்நாட்டுப் பக்கத்து பங்குகளில் கேரளப் பதிவெண் வண்டிகள் நிற்பதன் காரணம் இதுதான். எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு இது செலவே ஆகாது, வரும் வழியில் நிரப்பிக்கொள்ளலாம். பஸ்ஸில் குறைந்தபட்சம் 10 ரூபாய், பெண்களுக்கும் அதே கட்டணம். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. மில்மா பால் ஆவினைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய் அளவுக்குக் கூடும். ஆனால் சித்தூர் தாலுகா மாடு வளர்ப்போர் நிறைந்த பகுதி. மாடு வைத்திருப்பவர் வீட்டுக்கு அந்தப் பத்து ரூபாய் வரவு.

ரேஷனும் அரசு உதவியும்

தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் பொது. அரிசி அட்டை இருந்தால் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். நான்கு பேர் குடும்பத்தில் இது மாதம் நல்ல தொகையாக மிஞ்சும். 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும், கார் இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் உண்டு.

கேரளத்தில் அட்டையின் நிறம்தான் எல்லாம். மஞ்சள், ரோஸ் அட்டைக்காரர்களுக்கு நிறையக் கிடைக்கும். நீலத்துக்குக் குறையும். வெள்ளை அட்டைக்காரர் குறைந்த அளவு அரிசியைக் கிலோ 10 ரூபாய் 90 காசுக்கு வாங்க வேண்டும். அரசு நடத்தும் மாவேலி ஸ்டோரில் 13 வகை மளிகை மானிய விலையில் உண்டு. 2024 பிப்ரவரிக்குப் பிறகு அந்த மானியமும் குறைந்து, சந்தை விலையைவிட 35 சதவீதம் குறைவு என்ற அளவில் நிற்கிறது.

முதியவர் என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. கேரளத்தில் சமூகநல ஓய்வூதியம் 1,600 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் முதல் 2,000 என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ஆனது. கேரளத்தில் 2023–24-இல் பல மாத ஓய்வூதியம் நிலுவையில் நின்றதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எங்கள் தெருவில் மருந்துக் கடையில் கடன் சொல்லி நின்றவர்களை நான் அறிவேன்.

கூலி

ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கில் 2021–22-இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 837 ரூபாய், தமிழ்நாட்டில் 478 ரூபாய். விவசாயக் கூலி கேரளத்தில் 726, தமிழ்நாட்டில் 445. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு ரயில் பாலமும் ஒரு சோதனைச்சாவடிக் கட்டடமும்தான். இவ்வளவு பெரிய இடைவெளி வேறு எந்த இனத்திலும் இல்லை. கரண்ட், பால், பஸ் எல்லாவற்றிலும் சேர்த்து மாதம் மிச்சப்படுவதை ஒரு கொத்தனார் கேரளப் பக்கம் ஒரு வாரம் வேலை செய்தால் ஈடுகட்டிவிடலாம்.

கூலி கொடுப்பவருக்கு இதே எண் தலைகீழ். தென்னை ஏற, கிணறு தூர் வார, சுவர் பூச, வீட்டில் பாத்திரம் துலக்க என்று ஒவ்வொன்றுக்கும் கேரளத்தில் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். உழைப்புக்கு உரிய விலை கொடுக்கும் ஊர் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் ஓய்வூதியத்தில் வீடு கட்டப் போகிறவர் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். செங்கல்லும் சிமென்டும் கோவையிலிருந்து வந்தாலும், அதை அடுக்கும் கைக்குக் கேரளக் கூலிதான்.

பிள்ளைகளின் படிப்பு

மூன்று கடிதங்களிலும் யாரும் கேட்காத கேள்வி இது. நான் அதிகம் கவலைப்படுவதும் இதற்குத்தான்.

தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீதம் இடம் 2020 முதல் இருக்கிறது. அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் தமிழ்நாட்டுப் பள்ளிப் படிப்பைத்தான் பார்க்கும். கேரளத்திலிருந்து வந்து ஏழாம் வகுப்பில் பிள்ளையைத் தமிழ்நாட்டுப் பள்ளியில் சேர்த்தால் 7.5 சதவீதக் கதவு அந்த ஒரு வருடத்தாலேயே மூடிவிடும். தமிழ்நாட்டுக்குப் போவதென்றால் ஆறாம் வகுப்புக்கு முன் போங்கள்.

சாதிச் சான்றிதழ் இன்னும் கடினமான விஷயம். ஒரு மாநிலத்தின் பட்டியலில் பட்டியலினமாக இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், புது மாநிலத்தில் அந்த இடஒதுக்கீடு கிடைக்காது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எங்கள் உறவில் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, பொறியியல் கலந்தாய்வு நேரத்தில் இருப்பிடச் சான்றுக்காக ஓர் அலுவலகத்தில் ஐந்து நாள் நின்றாள். தாத்தா வீடு அந்தப் பக்கம், அப்பா பிறந்தது இந்தப் பக்கம். கடைசியில் பொதுப் பிரிவில்தான் விண்ணப்பித்தாள். அவள் இழந்த இடத்துக்கு எந்தச் செலவுப் பட்டியலிலும் ஒரு வரி கிடையாது.

கேரளப் பக்கமும் தமிழ்ப் பிள்ளைக்கு வழி இருக்கிறது. சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு, சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். அரசுப் பள்ளிகள் நன்றாக நடப்பதால் நடுத்தரக் குடும்பமும் கூச்சமில்லாமல் அங்கே சேர்க்கிறது. கோவையில் அதே குடும்பம் தனியார் பள்ளிக்கு வருடத்துக்கு அரை லட்சம், ஒரு லட்சம் என்று கட்டும். இலவச மின்சாரமும் ரேஷனும் மிச்சப்படுத்தியதெல்லாம் அந்த ஒரு ரசீதில் போய்விடும். மலையாளம் 2017 சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் பாடம். எட்டு, ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு அது சுமை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தால் விளையாட்டுப்போல வந்துவிடும்.

மனையும் வீடும்

தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023-இல் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது, மொத்தம் 9. கேரளத்தில் 8-உம் 2-உம் சேர்ந்து 10. இந்த ஒரு சதவீதம் பெரிதல்ல.

பெரிய கண்ணி ஒரு சொல்லில் இருக்கிறது. கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அது நெல்வயல், நஞ்சை என்று பொருள். வீடு கட்டத் தகுந்த இடம் ‘புரயிடம்’ என்று இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர் பத்திரத்தில் நிலம் என்று பார்த்துவிட்டுச் சரி, இடம்தானே என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார். 2008-இல் வந்த நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டப்படி அதில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. வேறு இடமே இல்லாதவருக்குச் சில விலக்குகள் உண்டு, அதற்கும் அனுமதி வாங்கி நடக்க வேண்டும். பக்கத்து மனையைவிடப் பாதி விலைக்கு ஓர் இடம் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். என் மாமா ஒருவர் எட்டு சென்ட் இப்படி வாங்கினார். பதினொரு வருடமாக அதில் எருமை மேய்கிறது.

ஆசிரியர் ஐயா, முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லேஜ் ஆபீஸில் அந்த இடம் எந்த வகை என்று கேளுங்கள். கிருஷி பவன் என்னும் வேளாண் அலுவலகத்துக்குப் போய், நெல்வயல்களைப் பட்டியலிடும் டேட்டா பேங்கில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள். எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் என்றால் கோடையில் ஒருமுறை நேரில் போய்த் தண்ணீர் நிலவரத்தைப் பாருங்கள். மழை மறைவுப் பகுதி அது. கேரளம் என்றாலே பச்சை என்று நினைப்பவர்கள் மார்ச் மாதத்தில் அங்கே வந்தால் குழம்பிப் போவார்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்

பெரிய அறுவை சிகிச்சை என்றால் பாலக்காட்டுக்காரரும் கோவைக்குத்தான் ஓடுகிறார். பாலக்காட்டில் அரசு மருத்துவக் கல்லூரி 2014-இல்தான் வந்தது. ஆனால் அன்றாடச் சிகிச்சை, படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு வீடு தேடி வரும் செவிலியர் என்று பார்த்தால் கேரளம் ஒரு படி மேல். வலிநிவாரணப் பராமரிப்புக்கென்று 2008-லேயே கொள்கை வகுத்து, பஞ்சாயத்து அளவில் அதை நடத்தும் மாநிலம் அது. என் அம்மா கடைசி ஒன்பது மாதம் படுக்கையில் இருந்தார். அந்தச் செவிலியர் வந்து புண்ணுக்கு மருந்திட்டதற்கு நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. கோவையில் இருந்திருந்தால் வீட்டுக்கு ஆள் வைத்தே கடனாளியாகியிருப்போம். தமிழ்நாட்டிலும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. நீண்ட நாள் நோயாளிக்கு அது பெரிய உதவி.

ஒரே பார்வையில்

| இனம் | கோவைப் பக்கம் | பாலக்காட்டுப் பக்கம் |
|---|---|---|
| மின்சாரம் (தனி மீட்டர்) | குறைவு | ஏறக்குறைய இரண்டு மடங்கு |
| ரேஷன் | எல்லோருக்கும் | அட்டை நிறப்படி |
| பெட்ரோல் | குறைவு | லிட்டருக்கு ஐந்து ரூபாய் போலக் கூடுதல் |
| கூலி | குறைவு | மிக அதிகம் |
| பள்ளிச் செலவு | தனியார் என்றால் கனக்கும் | அரசுப் பள்ளியே போதும் |
| முதியோர் ஓய்வூதியம் | 1,200 | 2,000 |
| மனையில் சிக்கல் | வழக்கமான வில்லங்கம் | ‘நிலம்’, டேட்டா பேங்க் |

தினமும் போய்வருவது

கஞ்சிக்கோட்டிலிருந்து குனியமுத்தூர் 30 கிலோமீட்டர் போல. பைக்கில் போய்வர ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதல், மாதம் 3,000 ரூபாய். காரில் என்றால் மாதம் 10,000-த்தைத் தொடும், சுங்கக் கட்டணம் தனி. சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருக்கு மாதப் பாஸ் உண்டு. ரயில் சீசன் டிக்கெட்தான் எல்லாவற்றிலும் மலிவு, ஷிஃப்ட் நேரம் வண்டியோடு ஒத்துவர வேண்டும். வண்டியின் பதிவெண்ணையும் மறக்க வேண்டாம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். புது மாநிலத்தின் வரியைக் கட்டிவிட்டு, பழைய மாநிலத்தில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

யாருக்கு எந்தப் பக்கம்?

கஞ்சிக்கோட்டுத் தம்பிக்கு: சம்பளம் எந்தப் பக்கம் தங்கினாலும் ஒன்றுதான், கூலி வித்தியாசம் உங்களைத் தொடாது. பிள்ளை இன்னும் பள்ளிக்குப் போகவில்லை, மனைவிக்குக் கோவையில் வேலை கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தனி மீட்டர் உள்ள வீடாகப் பார்த்து மதுக்கரை, க.க.சாவடி (கந்தேகவுண்டன்சாவடி) பக்கம் தங்குங்கள். குனியமுத்தூர் வரை போக வேண்டாம், பத்து கிலோமீட்டர் மிச்சம். இரவு ஷிஃப்ட் வாரத்துக்கு மூன்று நாள் இருக்குமென்றால் மட்டும் கஞ்சிக்கோட்டிலேயே இருங்கள். அந்தச் சாலையில் லாரிகளுக்கு நடுவே தூக்கக் கண்ணோடு பைக் ஓட்டுவதற்கு எந்த மிச்சமும் ஈடாகாது.

ஆசிரியருக்கு: இடம் புரயிடம் என்று உறுதியானால், வீடு ஏற்கெனவே கட்டியதாக இருந்தால், வாருங்கள். வெறும் மனை வாங்கிப் புதிதாகக் கட்டுவதென்றால் கூலிக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு கோவைப் பக்கமே உங்களுக்கு லாபம் என்று நினைக்கிறேன்.

மதுக்கரை அக்காவுக்கு: அண்ணன், அதாவது உங்கள் கணவர், கொத்தனார், அம்மா வீட்டில் வாடகை இல்லை, அம்மாவுக்கும் வயதாகிறது. மூன்றும் கொழிஞ்சாம்பாறையைத்தான் காட்டுகின்றன. உரிமைத் தொகை ஆயிரமும் ரேஷன் அரிசியும் போகுமே என்று எழுதியிருக்கிறீர்கள். போகும். அண்ணனின் மூன்று நாள் கூலி வித்தியாசம் அந்த ஆயிரத்தை ஈடுகட்டும். என் தயக்கமெல்லாம் பெரியவள் பற்றித்தான். இப்போது எட்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி, நன்றாகப் படிக்கிறாள் என்கிறீர்கள். இப்போது இடம் மாற்றினால் 7.5 சதவீதமும் போகும், மலையாளமும் புதிதாகப் படிக்க வேண்டும். அவள் பன்னிரண்டை முடிக்கும் வரை வீடு மதுக்கரையிலேயே இருக்கட்டும். அண்ணன் மட்டும் காலையில் வேலந்தாவளம் வழியாகக் கேரளப் பக்கம் வேலைக்குப் போய் வரட்டும், மதுக்கரையிலிருந்து அப்படிப் போகும் கொத்தனார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சின்னவனை இந்த ஜூனில் எங்கே சேர்ப்பது என்பதை மட்டும் மார்ச்சுக்குள் முடிவு செய்யுங்கள். அவன் ஒன்றாம் வகுப்பு, அவனுக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.